வாசல் வீதியால் மலையுச்சிக்கு

எங்கள் செட்டிபாளையம், கிழக்கே கடலுக்கும் மேற்கே மட்டக்களப்பு வாவிக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் நிலத்துண்டில் அமைந்த ஊர். சூரியன் எழும் பக்கமாதலின் இக்கரையை எழுவான்கரை என்றும், வாவிக்கப்பாலுள்ள வயல் நிலத்தைப் படுவான்கரை என்றும் வழங்குவர். எங்கு நின்று நோக்கினும் நிலம் மட்டமாகவே இருக்கும். எங்கள் பிள்ளைகளுக்கு மேடு என்றால் கடற்கரை மணற்குவியல்தான்.

ஆயினும் என் வீட்டு வாசலால் செல்லும் பெருவீதி மலையேறும் வீதியென்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஏ 4 எனப்படும் அவ்வீதி கொழும்பில் தொடங்கி, இரத்தினபுரி, பெரகலை, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில், கல்முனை வழியாக வந்து மட்டக்களப்பில் முடிகிறது. போர் நிகழ்ந்த காலத்தில் அது எனக்குக் கல்முனையோடு முடிந்துவிட்ட வீதியாக இருந்தது. 2009 ஆம் ஆண்டிற்குப் பின்னரும் பழகிய அச்சம் எளிதில் அகலவில்லை.

மனைவி மறைந்த பின்னர் நான் தனியே வாழ்கிறேன். வயது அறுபத்திரண்டு. சுவிற்சர்லாந்திலிருக்கும் மகன், “அப்பா, அங்கே தனியே இருந்து என்ன செய்யப்போகிறீர்கள்? வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வந்துவிடுங்கள், அல்ப்ஸ் மலையைக் காட்டுகிறேன்” என்று வாரந்தோறும் வற்புறுத்துவான். 1914 ஆம் ஆண்டில் அந்நாட்டு மலைகளிடையே நிறுவப்பட்ட தேசியப் பூங்காவைப் பற்றியும், அங்கே நடந்து செல்வோர்க்கன்றித் துவிச்சக்கரவண்டிக்கு அனுமதியில்லை என்பதைப் பற்றியும் அவன் சொன்னதுண்டு. மறுமொழி கூறுமுன், என் உடலும் மனமும் தனிமையைத் தாங்குமா என்று சோதித்துப் பார்க்க விரும்பினேன். அல்ப்ஸைக் காணுமுன் நம் நாட்டு மலைப்பூங்காவைக் காண்போமே என்று, மாசி மாதத்து விடியற்காலையொன்றில், கியர் இல்லாத என் பழைய துவிச்சக்கரவண்டியில் புறப்பட்டேன்.

“தனியவா போறாய் மனே?” என்று அயல்வீட்டு ஆச்சி படலையில் நின்று கேட்டார். “ஓம் ஆச்சி” என்றேன். அவர் ஒரு பொட்டலம் அவலைக் கைப்பிடியில் கட்டிவிட்டார்.

முதல் நாள் தேற்றாத்தீவு, களுதாவளை, களுவாஞ்சிகுடி, கல்முனை எனத் தெரிந்த ஊர்களே வந்தன. காரைதீவில் சற்றே நின்றேன். 1892 ஆம் ஆண்டில் அவ்வூரிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர், பிற்காலத்தில் இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதி ஆச்சிரமத்திலிருந்து ‘பிரபுத்த பாரதா’ என்னும் இதழை நடத்தினார். கடற்கரை மணலில் வளர்ந்தவர் பனிமலை வரை சென்றாரென்ற நினைவு எனக்குத் துணையாயிற்று. அன்றிரவு அக்கரைப்பற்றிலும் மறுநாளிரவு பொத்துவிலிலும் தங்கினேன்.

பொத்துவிலில் வீதி கடலை விட்டு மேற்கே திரும்புகிறது. சிறிது தூரத்தில் லகுகலை. 1980 ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கப்பட்ட அக்காட்டின் குளங்களில் வளரும் புல்லை நாடி யானைகள் திரளும். “வெயில் ஏறிய பின்னரே போங்கள்” என்று கடைக்காரர் எச்சரித்திருந்தார். அவ்வாறே சென்றும், குளத்தின் அக்கரையில் நான்கு யானைகளைக் கண்டபோது கால்கள் மிதிப்பதை மறந்தன. காட்டைக் கடந்ததும் மோட்டார் வண்டிகள் நின்றுசெல்லும் தேநீர்க்கடையொன்றில், சிங்கள முதியவரொருவர் என் வியர்வையைக் கண்டு, கேளாமலே செவ்விளநீர் சீவித் தந்தார். அவருக்குத் தமிழ் வராது. எனக்குச் சிங்களம் அரைகுறை. “மட்டக்களப்பா? சைக்கிளிலா?” என்று கேட்டுச் சிரித்தார். இத்தனை ஆண்டுகளாக இவ்வீதியின் மறுபக்கத்தில் யாரிருக்கிறார்கள் என்று நான் அஞ்சியிருந்தேனோ, அவர்களுள் ஒருவர் இவர் என்று எண்ணியபோது எனக்கே நாணமாயிற்று.

மொனராகலையைக் கடந்து வெல்லவாயவை அடையும்வரை வண்டி என்னைச் சுமந்தது. அதன்பின் நான் வண்டியைச் சுமந்தேன் என்பதே பொருந்தும். வெல்லவாயவிலிருந்து பெரகலைக்கு ஏறும் வீதி, வளைந்து வளைந்து மலையின் விலாவைப் பற்றிச் செல்கிறது. ஏறி மிதித்தது சிறிது. இறங்கித் தள்ளியதே பெரிது. 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சியின் கீழ் முகங்கழுவிப் புறப்பட்டேன். கொஸ்லந்தையை அடையுமுன் வண்டியின் சங்கிலி அறுந்தது. மாலை மயங்கும் வேளை. மழையும் தூறத் தொடங்கிற்று. வீதியோரக் கல்லில் அமர்ந்தபோது, மகன் சொன்னது சரிதானோ என்ற ஐயம் முதன்முறையாக எழுந்தது.

அவ்வழியே வந்த தோட்டத்து இளைஞரொருவர், “ஐயா, இந்நேரத்துல இங்க உக்காரக்கூடாது, வாங்க” என்று வண்டியைத் தாமே தள்ளிக்கொண்டு தம் லயன் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். அவர் தாயார் றொட்டியும் சூடான தேநீரும் தந்தார். 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் நாள் காலை, அயலிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன் வீடுகளை மூடியது. அதிற் புதையுண்டவர்களுள் தம் உறவினரும் உண்டென்று அவ்வம்மையார் மெல்லச் சொன்னார். “மழை பெஞ்சா இன்னும் தூக்கம் வராதுங்க” என்றார். தமிழகத்திலிருந்து மன்னார்க் காட்டு வழியே கால்நடையாக வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். நாம் அருந்தும் தேநீருக்கு அவர்கள் கொடுத்த விலையை அந்த மழையிரவில்தான் உணர்ந்தேன். விடியுமுன் இளைஞர் ஆணியும் கல்லும் கொண்டு சங்கிலியைப் பொருத்தியிருந்தார். பணம் நீட்டியபோது வாங்க மறுத்துவிட்டார்.

பெரகலையில் ஏ 4 வீதியிடம் விடைபெற்று, ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்திலுள்ள அப்புத்தளையை அடைந்து, அங்கிருந்து ஒஹியா சென்றேன். எட்டாம் நாள் இருள் பிரியுமுன் புறப்பட்டு, ஹோட்டன் சமவெளிக்கு ஏறும் 11 கிலோமீற்றர் வீதியில் வண்டியைத் தள்ளினேன். வாயிலில் அலுவலர் என் பையைச் சோதித்து, பாண் சுற்றியிருந்த பொலித்தீனைக் களைந்து, காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். நல்ல வழக்கம் என்று மனமார மெச்சினேன்.

மலைகளின் மேலே, 2,100 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில், இத்தகைய புல்வெளி விரிந்து கிடக்குமென்று சமநிலத்துக்காரனாகிய நான் கனவிலும் எண்ணியதில்லை. புல் நுனிகளிற் பனி உறைந்திருந்தது. மரைக் கூட்டமொன்று தலையுயர்த்தி நோக்கிவிட்டு மேய்ந்தது. ஓடையோரம் காட்டுப்பூவரசு செந்நிறமாய்ப் பூத்திருந்தது. உச்சி காய்ந்து பட்டுப்போன மரங்களும் ஆங்காங்கு நின்றன. இங்கே ஒருகாலத்தில் உருளைக்கிழங்கும் பயிரிட்டனர். 1977 ஆம் ஆண்டில் அது நிறுத்தப்பட்டது. 1988 ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாயிற்று. 2010 ஆம் ஆண்டில் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமை நிலத்தில் அடங்கிற்று. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இங்கிருந்து நீர் செல்கிறது. அம்மகாவலியின் ஒரு கிளையே மட்டக்களப்புக்கு வடக்கே வெருகலாகிக் கடலைச் சேர்கிறது. எங்கள் கரையின் கடலிற் கலக்கும் நீரை அதன் பிறப்பிடத்திற் கையால் அள்ளியபோது உடல் சிலிர்த்தது.

வண்டியை அலுவலரிடம் ஒப்படைத்துவிட்டு, ‘உலக முடிவு’ எனப்படும் செங்குத்துப் பாறை விளிம்பிற்கு நடந்தேன். தாமதித்துச் சென்றதால் மூடுபனி திரையிட்டிருந்தது. ஒரு மணி நேரம் காத்திருந்தேன். திடீரெனத் திரை விலகிற்று. ஏறத்தாழ 870 மீற்றர் கீழே, தீப்பெட்டிகளை அடுக்கினாற்போலத் தோட்டத்து லயன் வீடுகள் தெரிந்தன. சில நிமிடங்களில் மீண்டும் எல்லாம் வெண்மையாயிற்று. நான் கண்டது அவ்வளவே, அது போதுமாயிருந்தது.

திரும்பும்போது ஒஹியாவிற் புகையிரதமேறிப் பதுளை வந்தேன். அங்கிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்ட மரக்கறி லொறியொன்றில் என்னையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டார்கள்.

அன்றிரவே மகனுக்குத் தொலைபேசியிற் சொன்னேன்: “வருகிறேன், கோடையில் மூன்று மாதம் உன்னோடு இருப்பேன். நிரந்தரமாக அல்ல.” அவன் சற்று மௌனமாக இருந்து, “தனியே விழுந்துவிட்டால் என்ன செய்வீர்கள், அப்பா?” என்றான். கொஸ்லந்தையில் நான் வீழ்ந்துதான் இருந்தேன். தூக்கிவிட ஆள் வந்தது என்று சொல்ல நினைத்தேன். ஆனால் அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. அயலாரிடம் உதவி பெறுவதை இதுவரை இழிவாகக் கருதியவன் நானே.

மறுநாட் காலை வீட்டின் மற்றைச் சாவியை அயல்வீட்டு ஆச்சியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். “காலையில் என் கதவு திறக்காவிட்டால் நீங்கள் திறந்து பாருங்கள்” என்றேன். ஆச்சி சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, “அவல் கிடந்துதா மனே, தின்னாயா?” என்று கேட்டார்.