அஞ்சடி இல்லாத வீட்டில் ஓர் அமைதி மூலை

தேர்வு வாரம் நெருங்கும்போது விடுதியில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் நிம்மதியா இருந்துட்டு வரணும்!" வீட்டுக்கும் போகிறோம். அங்கே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும். தம்பி கைப்பேசியில் விளையாடிக்கொண்டிருப்பான். அம்மா சமையலறையிலிருந்து கூப்பிடுவார். மேல்மாடியில் யாரோ நாற்காலியை இழுப்பார்கள். வீடு பாசம் நிறைந்த இடம்தான். ஆனால், அமைதி நிறைந்த இடமா?

மன அழுத்தத்தைப் போக்கும் அறை என்று இதழ்களில் வரும் படங்களை நாம் பார்த்திருக்கிறோம். வெள்ளைச் சுவர், மெத்தை நாற்காலி, வாசனை மெழுகுவர்த்தி. அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால், அதற்கெல்லாம் முதலில் ஓர் அறை வேண்டுமே!

நம்மில் பலர் மலிவுவிலை அடுக்குமாடிகளில் வளர்ந்தவர்கள். 1982-ஆம் ஆண்டு அரசாங்கம் மலிவுவிலை வீட்டின் விலையை 25,000 ரிங்கிட் என நிர்ணயித்தது. அக்காலத்து வீடுகள் பெரும்பாலும் இரண்டு அறைகள் கொண்டவை. 1998-இல் தொடங்கிய பி.பி.ஆர். எனும் மக்கள் வீடமைப்புத் திட்டத்தில்தான் மூன்று அறைகளும் 700 சதுர அடியும் வழக்கமாயின. எங்கள் வீடும் அப்படிப்பட்டதே. பாட்டி, அப்பா, அம்மா, அக்கா, நான், தம்பி என ஆறு பேர். குளியலறையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால்கூட ஆளுக்கு 117 சதுர அடி வராது.

பாட்டி இந்தக் கணக்கைக் கேட்டுச் சிரிப்பார். அவர் பால்மரம் சீவிய தோட்டத்தில் லயத்து வீடு இதைவிடச் சிறியது. "வீடு சின்னதுதான் ஆயி. ஆனா அஞ்சடி இருந்துச்சே!" என்பார். விடியற்காலைப் பெரட்டு முடிந்து, பால் எடுத்து, நிறுத்துப் போட்டுவிட்டு வந்தால், மாலையில் அஞ்சடியில் காலை நீட்டி உட்காரலாம். மனம் சரியில்லாதவர் கோயில் மரத்தடிக்குப் போவார். ஆண்கள் திடலுக்குப் போவார்கள். லயத்து வாழ்க்கையில் வறுமைக்குக் குறைவில்லை. ஆனால், மூச்சுவிடும் இடம் வீட்டுக்கு வெளியே இருந்தது. தோட்டம் விற்கப்பட்டு அடுக்குமாடிக்கு வந்தபோது குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் கூடவே வந்தன, அஞ்சடி வரவில்லை. பதினோராவது மாடியில் கதவைத் திறந்தால் எதிர்வீட்டுக் கதவுதான் தெரிகிறது.

இதன் பாரத்தை நான் முழுமையாக உணர்ந்தது 2020-இல். மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது நான் ஐந்தாம் படிவ மாணவி. எங்கள் எஸ்.பி.எம். தேர்வு ஒத்திவைக்கப்பட்டு, 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் தேதிதான் தொடங்கியது. அத்தனை மாதங்களும் ஆறு பேரும் வீட்டுக்குள்ளேயே! அக்காவுக்கு வீட்டிலிருந்து வேலை, தம்பிக்கு இணைய வகுப்பு, அப்பாவுக்கு வேலை நிலைக்குமா என்ற கவலை. கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் ஒரே வரியை நான்கு முறை வாசிப்பேன். இரவில் தூக்கமும் வராது.

அப்போதுதான் எங்கள் வீட்டிலேயே ஓர் அமைதியான இடம் ஏற்கெனவே இருப்பதைக் கவனித்தேன். அது சாமி மேடை. வரவேற்பறைச் சுவரில் ஒரு பலகை, இரண்டு படங்கள், ஒரு காமாட்சி விளக்கு. மொத்தமே இரண்டடி அகலம். ஆனால், அதன் முன்னே யாரும் சத்தம் போடுவதில்லை. பழைய நாளிதழ், சாவிக்கொத்து எதையும் அதன்மேல் வைப்பதில்லை. மாலை ஏழு மணிக்குப் பாட்டி விளக்கேற்றும்போது தொலைக்காட்சியின் ஒலி தானாகவே குறைகிறது. இவ்வளவுக்கும் அங்கே கதவில்லை. வீட்டார் எல்லாரும் ஏற்றுக்கொண்ட வழக்கம்தான் அதற்குக் கதவு!

தமிழ்ப்பள்ளியிலிருந்து தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகும் தமிழ் இலக்கியத்தை நான் விடவில்லை. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்கிறார். அகப்பாடலில் மனத்தின் நிலையைச் சொல்ல இடம் மட்டும் போதாது, நேரமும் வேண்டும். சிறிய வீட்டுக்கு இது மிகவும் பொருந்தும். இடம் குறைவாக இருந்தால் நேரத்தைக் கொண்டு அதை நிரப்பிக்கொள்ளலாம் அல்லவா?

பாட்டியோடும் அக்காவோடும் நான் பகிர்ந்துகொள்ளும் அறையில் அலமாரிக்கும் சன்னலுக்கும் இடையே மூன்றடி இடைவெளி உண்டு. அங்கிருந்த பழைய பெட்டிகளை அகற்றினேன். ஒரு பாய், ஒரு மடக்கு மேசை, மஞ்சள் வெளிச்சம் தரும் சிறு விளக்கு. இரவில் நீலம் கலந்த கடும் வெளிச்சம் தூக்கத்திற்கு உதவும் மெலடோனின் சுரப்பைக் குறைக்கும் என்பதால் மஞ்சளைத் தேர்ந்தெடுத்தேன். சன்னல் ஓரத்தில் சாயத் தகரத்தில் ஒரு கற்பூரவல்லிச் செடி. இலையைக் கசக்கினாலே மணம் வரும். கைப்பேசி குளிர்பதனப் பெட்டியின் மேல் இருக்கும்.

சத்தத்தைத்தான் வெல்ல முடியவில்லை. இரவில் நல்ல தூக்கத்திற்குப் படுக்கையறையில் 30 டெசிபலுக்கு மேல் சத்தம் கூடாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டி. எங்கள் மாடியில் மோட்டார் சைக்கிள் ஒன்று கிளம்பினாலே அந்தக் கணக்குப் பறந்துவிடும்! தடித்த திரைச்சீலை அறைக்குள் எதிரொலியைக் குறைத்ததே தவிர, வெளிச்சத்தத்தைத் தடுக்கவில்லை. காற்றாடியின் சீரான ஓசைதான் கைகொடுத்தது. திடீர்ச் சத்தங்களை அது ஓரளவு மறைத்துவிடும். பிறகு பத்து நிமிடம் மூச்சுப் பயிற்சி. மூச்சை இழுக்கும் நேரத்தைவிட விடும் நேரத்தை நீட்டினால் இதயத் துடிப்பு மெல்லத் தணியும். இதற்குக் காசும் வேண்டாம்.

ஆனாலும், உண்மையில் வேலை செய்தது வீட்டாரோடு செய்துகொண்ட உடன்பாடு. இரவு எட்டு முதல் ஒன்பது வரை அந்த மூலை என்னுடையது. திரை மூடியிருந்தால் யாரும் கூப்பிடக்கூடாது. தம்பி முதல் வாரம் வேண்டுமென்றே எட்டிப் பார்த்தான். இரண்டாம் வாரம், "எனக்கும் ஒரு நேரம் வேணும்க்கா" என்று கேட்டான். மாலை ஐந்து முதல் ஆறு வரை அவனுக்கு. அதிகாலை பாட்டிக்கு. ஒரே பாய், மூன்று பேர்!

அந்த நேர அட்டவணையை எழுதிக் கதவில் ஒட்டியபோதுதான் ஒரு பெயர் அதில் இல்லை என்பது தெரிந்தது. அம்மாவிடம் கேட்டோம். "நான் என்ன படிக்கிற பிள்ளையா? எனக்கு எதுக்கு இடம்?" என்றார். கட்டுப்பாடு தளர்ந்த பிறகு அம்மா மறுபடியும் தொழிற்சாலைக்குப் போகத் தொடங்கியிருந்தார். விடியுமுன் பேருந்து ஏறுபவர், வீடு திரும்பியதும் நேரே அடுப்படிக்குப் போவார். வீட்டின் ஒவ்வொரு மூலையையும் கூட்டிப் பெருக்குபவர் அவர். ஆனால், எந்த மூலையிலும் அவர் சும்மா உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை.

அம்மா அலமாரி மூலைக்கு வர மறுத்துவிட்டார். அக்காதான் வழி கண்டுபிடித்தார். சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்தில், சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். அங்கே கொஞ்சம் வானம் தெரியும். இரவு ஒன்பது மணிக்கு மேல் பாத்திரம் கழுவுவது நானும் தம்பியும் என்று முடிவாயிற்று. அப்பா தேநீர் கலக்கக் கற்றுக்கொண்டார். முதல் சில நாள் சர்க்கரைதான் அதிகம். அம்மா கவிழ்த்த வாளியின்மேல் காலை வைத்துக்கொண்டு மின்னல் பண்பலையை மெதுவாக வைத்துக் கேட்பார். சில நாள் அதுவும் இல்லை, சும்மா இருப்பார். "இது நம்ம அஞ்சடி மாதிரியே இருக்கு" என்றார் பாட்டி. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

நாட்டின் சுகாதார ஆய்வின்படி மனச்சோர்வுக்கு ஆளான பெரியவர்கள் 2019-இல் 2.3 விழுக்காடு, 2023-இல் அது 4.6 விழுக்காடாக உயர்ந்தது. ஒரு பாயும் ஒரு விளக்கும் இதற்கு மருந்தாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. தூக்கமின்மையும் சோர்வும் வாரக்கணக்கில் தொடர்ந்தால் பல்கலைக்கழக ஆலோசனைப் பிரிவையோ மருத்துவரையோ நாடுவதே முறை. ஆனால், அன்றாடக் களைப்பு அன்றன்றே இறங்குவதற்கு வீட்டில் ஓரிடம் வேண்டும்.

ஆகவே, நண்பர்களே, இந்தத் தவணை விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போது உங்களுக்கென ஒரு மூலையைத் தேடுங்கள். அறை இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். அதோடு, வீட்டில் இன்னும் மூலை கிடைக்காதவர் யார் என்றும் பாருங்கள். "எனக்கு எதுக்கு?" என்று அவர் சொல்லக்கூடும். அதைக் காதில் வாங்காமல் நாற்காலியைப் போட்டுவிடுங்கள். அன்றைய பாத்திரங்களை நீங்களே கழுவிவிடுங்கள்.