48 வோல்ட்டும் மலையேறும் மைக்கும்

போடியிலிருந்து போடிமெட்டுக்குப் போகும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். கீழே வேர்க்க விறுவிறுக்க ஸ்பீக்கர் பெட்டிகளை ஏற்றுவோம். மேலே இறக்கும்போது மூடுபனியில் கேபிள் சுருளெல்லாம் நனைந்து கிடக்கும். மைக் செட்டோடு மலையேறுகிறவர்களுக்கு முதல் கவலை ஈரம். அடுத்தது மிக்சரில் இருக்கும் 48 வோல்ட் பொத்தான். அழுத்தினால் மைக் எரிந்துபோகும் என்று சிலர் அதைத் தொடுவதேயில்லை. எந்நேரமும் அழுத்தியே வைத்தால் என்ன கெட்டுவிடப்போகிறது என்பார்கள் வேறு சிலர். இரு தரப்பும் பொத்தானையே பார்க்கிறது. பார்க்க வேண்டியது கேபிளை.

கண்டென்சர் மைக்குக்குள் ஒரு சிறிய மின்சுற்று உண்டு, அது இயங்க மின்சாரம் வேண்டும். 1966-ல் ஜெர்மனியின் நியூமன் நிறுவனம் நார்வே வானொலிக்குக் கேஎம் 84 மைக்கைச் செய்தபோது, ஒலி வரும் கேபிள் வழியாகவே மின்சாரத்தையும் அனுப்பியது. குளிர்கால இருட்டைச் சமாளிக்க அந்த வானொலியில் 48 வோல்ட் துணை விளக்கு இணைப்பு ஏற்கெனவே இருந்தது. அதையே மைக்குக்கும் எடுத்துக்கொண்டார்கள். அதுவே உலக வழக்கமாகி, ஃபேன்டம் பவர் என்ற பெயரில் நம் ஊர் மிக்சர் வரைக்கும் வந்துவிட்டது.

எக்ஸ்எல்ஆர் பிளக்கில் மூன்று பின்கள். முதலாவது ஷீல்டு. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் தனித்தனி 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியே சமமாக 48 வோல்ட் போகிறது. டைனமிக் மைக்கின் காயில் இந்த இரண்டு பின்களுக்கும் நடுவே இருக்கிறது. இரு முனையிலும் ஒரே வோல்டேஜ் என்பதால் காயிலில் கரண்ட் ஓடாது. அதே 1966-ல் வெளிவந்த ஷூர் எஸ்எம்58 இன்றும் எத்தனையோ மேடைகளில் 48 வோல்ட்டோடு பத்திரமாக இருப்பதற்கு இதுதான் காரணம். கேபிள் ஷார்ட் ஆனாலும் ஒரு கம்பியில் ஏறக்குறைய 7 மில்லியாம்பியர்தான் ஓடும். பாடகரின் உதட்டில் 'சுரீர்' என்று அடித்தால் இந்தப் பொத்தானைச் சந்தேகிக்க வேண்டாம், 230 வோல்ட் லைனின் எர்த்தைப் பாருங்கள்.

அந்தச் சமநிலை குலையும் இடம்தான் ஆபத்து. மூன்றாவது பின்னை முதலாவதோடு சேர்த்துப் பற்றவைத்த மோனோ ஜாக் கேபிள், உள்ளே ஒரு கம்பி அறுந்து ஷீல்டைத் தொடும் கேபிள், இவற்றில் கரண்ட் ஒரு பக்கமாகப் பாயும். டைனமிக் மைக் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். பழைய ரிப்பன் மைக் தாங்காது. அதன் உள்ளே இருப்பது சில மைக்ரான் தடிமனுள்ள அலுமினியத் தகடு, ஒரே உதறலில் நீண்டுவிடும். செல்போன் காலர் மைக்குக்கு ஒரு சில வோல்ட்டே போதும். வோல்டேஜைக் குறைத்துத் தரும் அடாப்டர் இல்லாமல் அதை மிக்சரில் செருகக் கூடாது. கீபோர்டு, லேப்டாப் போன்றவற்றை டிஐ பாக்ஸ் வழியே இணைப்பதே நல்லது. சிறிய மிக்சர்கள் பலவற்றில் ஒரே பொத்தான் எல்லாச் சேனலுக்கும் 48 வோல்ட் அனுப்பும். அழுத்துவதற்கு முன் எந்தச் சேனலில் என்ன செருகியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முறையும் முக்கியம். ஃபேடரை இறக்கி, மைக்கைச் செருகி, அதற்குப் பிறகே 48 வோல்ட்டைப் போட வேண்டும். கழற்றும்போது ஃபேடரை இறக்கி, 48 வோல்ட்டை அணைத்து, ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். சுற்றில் தேங்கிய மின்னூட்டம் வடிவதற்குள் பிடுங்கினால் 'டமார்' என்ற சத்தம் ஸ்பீக்கரைப் பதம் பார்த்துவிடும்.

மலையில் இன்னொன்றும் உண்டு. இரவெல்லாம் ஜீப்பில் குளிர்ந்து கிடந்த கண்டென்சர் மைக்கை ஆட்கள் நிறைந்த கூடத்துக்குள் கொண்டுவந்தால் அதன் மேல் நீர் கோக்கும். அப்படியே 48 வோல்ட் கொடுத்தால் படபடவென்று பொரியும். பெட்டியைத் திறக்காமலே சிறிது நேரம் கூடத்தில் வைத்திருங்கள், மைக் அந்தச் சூட்டுக்கு வந்துவிடும். ஏலக்காயில் ஈரம் தங்கினால் என்ன ஆகும் என்று அறிந்த ஊர் இது. மைக் பெட்டியில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுவதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

திருவிழாவுக்கு முந்தின நாள் கேபிள்களை இரு முனையும் கழற்றி, மல்டிமீட்டரில் பாருங்கள். ஒரு முனையின் 1, 2, 3 மறுமுனையின் அதே எண்ணோடு சேர வேண்டும். 2-உம் 3-உம் 1-ஐத் தொடக் கூடாது, ஒன்றையொன்றும் தொடக் கூடாது. தேறாத கேபிள் மலையேற வேண்டாம்.