மழை பிடித்துக் கொடுத்த கோட்டை

காலை நேரத்தில் பாலக்காடு கோட்டையின் அகழியோரம் நடைப்பயிற்சிக்காரர்களின் ராஜ்யம். சர்க்கரை, ரத்த அழுத்தம், பேரனின் என்ட்ரன்ஸ் மார்க் என்று மலையாளத்திலும் தமிழிலும் பேச்சு மாறி மாறி ஓடுகிறது. கருங்கல் மதிலை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. தினமும் பார்ப்பதுதானே.

மைசூரின் ஹைதர் அலி 1766-ல் இதை எழுப்பினார். இடம் பார்த்துக் கட்டியவர். தெற்கே இடுக்கியில் ஆனைமுடி 2,695 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அந்த மலைகளில் பீரங்கி வண்டியை ஏற்றுவது நடக்காத காரியம். மேற்குத் தொடர்ச்சி மலை வழிவிடுவது பாலக்காட்டுக் கணவாயில்தான். கோவையிலிருந்து மலபார் கரைக்குப் போகும் படை இந்த வாசலைத் தாண்டியாக வேண்டும். எனவே சதுரக் கோட்டை, கொத்தளங்கள், சுற்றிலும் அகழி.

இத்தனையும் இருந்தும் மூன்று முறை ஆங்கிலேயரிடம் விழுந்தது: 1768, 1783, 1790. இவற்றில் இரண்டாவது கதைதான் விசேஷமானது. கர்னல் ஃபுல்லார்ட்டனின் படை ஆனைமலைக் காடுகள் வழியாக, மழையில் நனைந்துகொண்டே வந்து 1783 நவம்பரில் கோட்டையை முற்றுகையிட்டது. ஒரு நாள் கனமழை. வெளிவரிசையில் காவலிருந்த மைசூர் வீரர்கள் ஒதுங்க இடம் தேடினார்கள். கேப்டன் மெயிட்லண்ட் அந்த நேரம் பார்த்துத் தன் ஆட்களுடன் பாய்ந்தார். முதல் வாசல், இரண்டாம் வாசல் என்று உள்ளே புகுந்துவிட்டார். காவற்படை கலங்கிச் சரணடைந்தது. பீரங்கிக்குக் கணக்குப் போட்டுக் கட்டிய கோட்டையை மழை பிடித்துக் கொடுத்தது. மறுவருடமே, மங்களூர் உடன்படிக்கைக்குப் பின் அது மைசூரிடமே திரும்பியது என்பது வேறு விஷயம்.

1790-ல் கர்னல் ஸ்டூவர்ட் கைப்பற்றியபின் கோட்டை கம்பெனியிடமே தங்கிவிட்டது. ஸ்ரீரங்கப்பட்டினத்தின் மீதான படையெடுப்புகளுக்கு இது ஒரு தளம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இங்கே காவற்படை இருந்தது. பிறகு சண்டை இல்லை, சிப்பாய்களும் இல்லை. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தாலுகா அலுவலகம் குடியேறியது. பின்னாளில் சப்-ஜெயிலும் நெடுங்காலம் உள்ளேயே இயங்கியது.

வரலாற்று ஆர்வலர்கள் இதற்கு முகம் சுளிப்பார்கள். ஆனால் படை போனபின் ஆளில்லாமல் கிடந்த கோட்டைகளின் கதி தெரிந்ததே: கல் வீடு கட்டப் போகும், மரம் விறகுக்குப் போகும். சென்னையின் செயின்ட் ஜார்ஜ் கோட்டை பிழைத்திருப்பதில் தலைமைச் செயலகத்துக்கும் பங்குண்டு. பாலக்காட்டிலும் மதிலுக்குக் காவல் நின்றவர்களில் குமாஸ்தாக்களையும் வார்டர்களையும் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும். இப்போது பொறுப்பு தொல்லியல் துறையிடம்.

பிழைக்காதது வேறு. ஹைதரின் பெயர் தெரியும், ஃபுல்லார்ட்டனின் பெயர் தெரியும். அன்று மழைக்கு ஒதுங்கியவர்களும் நனைந்தபடி பாய்ந்த சென்னைப் படைச் சிப்பாய்களும் எந்த ஊர்க்காரர்கள், இந்த மதிலுக்குள் எங்கே படுத்தார்கள், எங்கே சமைத்தார்கள் என்று காட்டும் அடையாளம் எதுவும் பார்வையாளர் கண்ணில் படுவதில்லை. உள்ளே ஆஞ்சநேயர் கோயிலில் மட்டும் கூட்டம் குறைவதில்லை. வெளியே கோட்டை மைதானத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். மழை வந்தால் ஆட்டம் நிற்கும்.