குதிரையின் கீழ் ஒரு காகிதம்

யாழையும் வீணையையும் போற்றிய நம் புலவர்கள் அவற்றின் குற்றங்களையும் மறவாது பேசினர். சீவக சிந்தாமணியில், காந்தருவதத்தையின் இசைமண்டபத்தில் தன்முன் கொணரப்பட்ட வீணைகளைச் சீவகன் ஒவ்வொன்றாக விலக்குகிறான். இது நீரில் நின்று பழுதுற்ற மரம், இது இடியுண்ட மரம் என்று காரணமும் சொல்கிறான். நரம்பின் குற்றங்களைக் கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என நான்காக எண்ணும் மரபும் உண்டு. கருவியைத் தொட்டு அதன் நோயறியும் இக்கல்வி, இன்று வகுப்பறையில் அருஞ்சொற்பொருளாக மட்டும் எஞ்சி நிற்பது வருந்தத்தக்கதே.

பேராவின் தென்மேற்கு ஓரத்தில், சிலாங்கூரை எல்லை பிரிக்கும் பெர்ணம் ஆற்றின் அருகே அமைந்தது ஹுத்தான் மெலிந்தாங். 1906ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டவரான ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் தொடங்கிய ஜெண்டராத்தா தோட்டம் இவ்வட்டாரத்தைச் சேர்ந்ததே. முதலில் ரப்பர், பின்னர் தென்னை, செம்பனை என மரங்கள் மாறின; ஈரக்காற்று மட்டும் மாறவில்லை. மேலைநாட்டுக் கித்தார் நூல்கள், குளிர்காலத்தில் மரம் உலர்ந்து வெடிக்குமென அஞ்சி, நீர் ஊறிய பஞ்சைக் குடத்தினுள் வைக்கச் சொல்கின்றன. அவை கூறும் உகந்த ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு. ஆற்றோரத்தில் அது 80ஐத் தாண்டுவது அன்றாட நிகழ்ச்சி. இங்கே அந்நூலுக்குக் கீழ்ப்படிபவன் தன் கருவியைத் தானே அழுகவைப்பான். பஞ்சுக்கு மாறாக, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப்பையைப் பெட்டியில் இடுவதே இம்மண்ணுக்கு ஏற்ற முறை.

இத்தகைய காற்றில், தோட்ட வீடொன்றின் அலமாரிமேல் மூன்றாண்டுகள் கிடந்தது ஒரு கித்தார். மரக்குடமும் மின்னிணைப்பும் ஒருங்கே உடைய வகை அது. வீட்டுத் தலைவர் திருமண மெல்லிசைக் குழுவில் வாசித்தவர்; தவணையில் வாங்கிய கருவி. அவர் மறைந்தபின் அதைத் தொட எவருக்கும் மனம் வரவில்லை. தங்கையின் திருமணம் நெருங்கியபோது, "அப்பா கித்தாரு ஒரு பாட்டுக்காவது வாசிக்கணும், அண்ணே," என்று அவள் கேட்டாள். கருவியை இறக்கினான் மகன். தந்திகள் துருவேறியிருந்தன. ஒலிபெருக்கியில் இணைத்தால் மௌனம்.

முதற்குற்றம் மின்கலத்தில் இருந்தது. உள்ளேயே மறக்கப்பட்ட 9 வோல்ட் மின்கலம் கசிந்து, செப்பு முனைகளில் வெண்பொடி பூத்திருந்தது. அது காரப்பொருள், பஞ்சில் தோய்த்த சிறிது புளிக்காடி அதைக் கரைத்துவிடும். பின் ஈரம் போகத் துடைத்து உலர்த்த வேண்டும். இவ்வகைக் கித்தாரில் தனிச் சுவிட்சு பெரும்பாலும் இராது. கம்பியின் முனையை ஜாக்கில் செருகியதும் மின்கலத்தின் சுற்று முழுமையடைகிறது. ஆகவே வாசித்து முடித்தபின் கம்பியைப் பிடுங்காமல் விடுவது, விளக்கை அணைக்காமல் உறங்குவதற்கு ஒப்பாகும்.

அடுத்தது ஜாக்கு. அதன் புறமரை தளர்ந்திருந்தது. இவ்விடத்தில்தான் பலர் இடறுகின்றனர். மரையை முறுக்கினால் உள்ளேயுள்ள பகுதியும் உடன்சுழன்று மெல்லிய கம்பிகளை அறுத்துவிடும். தண்டிலுள்ள சிறு துளையில் ஓர் ஆணியைச் செருகி அசையாது பிடித்துக்கொண்டே மரையை இறுக்க வேண்டும். இங்கு முன்னரே ஒரு கம்பி அறுந்திருந்தது. ஈயப்பற்று வைக்கத் தெரிந்த அண்டைவீட்டுப் பெரியவர் உதவினார். "தம்பி, ஈயத்த சூடாக்காத, இரும்பால கம்பிய சூடாக்கு, ஈயம் தானா ஓடும்," என்றார். ஏறத்தாழ 190 பாகை வெப்பத்தில் அது நீராய் ஓடியது. கித்தாரினுள் இருப்பது 9 வோல்ட், அச்சமில்லை. ஒலிபெருக்கியின் உட்புறமோ வேறு. சுவரிணைப்பைப் பிடுங்கிய பின்னும் மின்தேக்கிகளில் உயிர்க்கொல்லி மின்சாரம் தங்கியிருக்கும். அதனைத் திறவாமை அறிவுடைமை.

ஓசை வந்தது, ஆனால் முதல் தந்தி மட்டும் முனகிற்று. வீணைக்குப் போலவே கித்தாருக்கும் தந்தியைத் தாங்கும் குதிரை உண்டு. அதன் மேற்கட்டையின் கீழ் ஒரு மெல்லிய பட்டை கிடக்கிறது. அழுத்தினால் மின்சாரம் தரும் இயல்பு சில படிகங்களுக்கு உண்டென 1880இல் கியூரி உடன்பிறந்தார் இருவர் கண்டறிந்தனர். அப்பட்டை அவ்வியல்பால் இயங்குவது. கட்டை எல்லா இடத்தும் ஒப்ப அழுந்தினாலன்றி ஆறு தந்திகளும் ஒப்ப ஒலியா.

தந்திகளைக் கழற்றிக் கட்டையை உருவியபோது அதன்கீழ் மடித்த காகிதத் துண்டொன்று இருந்தது. தேய்ந்த கட்டையை உயர்த்தத் தந்தை வைத்தது. தமிழ் நாளேட்டின் ஓரம். ஐந்து தந்திகளின் கீழ் சரியாக நின்ற அது, முதல் தந்திக்கு எட்டாமல் ஈரத்தில் சுருங்கியிருந்தது. அதை எடுப்பதா, விடுவதா என்று மகன் ஒருநாள் முழுதும் தயங்கினான். தந்தையின் கைவேலையைத் திருத்துவதில் ஒரு கூச்சம் இருக்கத்தான் செய்கிறது. ஆயினும் அந்தக் காகிதத்தை வைத்தவரும் கருவி ஒலிக்கவேண்டும் என்றே வைத்தார்.

எலும்புக் கட்டை ஒன்று வாங்கி, பழைய கட்டையின் உயரத்தோடு காகிதத்தின் கனத்தையும் சேர்த்துப் பென்சிலால் கோடிட்டான். கண்ணாடிப் பலகைமேல் உப்புத்தாளை விரித்து, அடிப்புறத்தை அதன்மேல் நேராகத் தேய்த்தான். பன்னிரண்டாம் மெட்டில் தந்தி அரை மில்லிமீட்டர் தாழ வேண்டுமாயின் கட்டையில் ஒரு மில்லிமீட்டர் குறைய வேண்டும். அம்மெட்டு தந்தியின் நடுவில் இருப்பதே காரணம். தேய்த்ததை மீண்டும் ஒட்டவைக்க இயலாதாகையால் அவன் நான்கு முறை பொருத்திப் பார்த்தான். ஐந்தாம் முறை முதல் தந்தி மற்றவற்றோடு சேர்ந்து பாடிற்று.

குதிரையின் பின்விளிம்பு மட்டும் குடத்தினின்று மயிரிழை பெயர்ந்திருந்தது. ஒரு தாள் உள்ளே நுழையும் அளவு. ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ எடையளவு இழுக்கும் இடம் அது. உடனடிப் பசையை ஊற்றி மூடுவோர் பின்னர் மேற்பலகையையே பிளந்துகொள்கின்றனர். அவன் தந்திகளைத் தளர்த்தி, கருவியைத் துணியில் சுற்றி, ஈப்போவுக்குப் பேருந்து ஏறினான். திருமணத்திற்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. நாளேட்டுத் துண்டு பெட்டியின் உறைக்குள், மாற்றுத் தந்திகளோடு இருந்தது.