தெருவிளக்கின் கண்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டைப் பக்கம் அந்திப் பொழுதில் நடந்து செல்வோர், எவரும் தொடாமலே சில தெருவிளக்குகள் தாமாக எரியத் தொடங்குவதைக் கண்டிருப்பர். அவற்றுட் பலவற்றுக்குப் பொழுது சாய்ந்ததை அறிவிப்பது சுண்டைக்காய் அளவுமில்லாத ஒரு சிறு வில்லை. ஒளியுணர் மின்தடையம் என்பது அதன் பெயர். மின்தடை என்றாலே எம்மூரார் மின்சாரம் போயிற்று எனக் கொள்வர். ஈற்றில் நிற்கும் 'அம்' அம்மயக்கத்தை நீக்குதல் தமிழ் பயிலும் எமக்கு உவகை தருவதொன்று.

வில்லோபி ஸ்மித் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் கடலடித் தந்திக் கம்பிகளைச் சோதித்தற்கு, மிகுந்த தடையுடைய செலீனியக் கோல்களைக் கையாண்டார். அத்தடையோ ஒருநிலையில் நில்லாது, மூடியபோது மிகுந்தும் ஒளி பட்டபோது குறைந்தும் மாறிற்று. இதனை அவர் 1873-இல் உலகுக்கு அறிவித்தார்.

இக்காலத்து வில்லை பெரும்பாலும் காட்மியம் சல்பைடால் ஆயது. ஒளி படின் அதனுட் கட்டுண்டு கிடந்த எலக்ட்ரான்கள் விடுபட்டு மின்னோட்டத்துக்கு உதவும். இருளில் 10 லட்சம் ஓம் வரையிலும் அதற்கு மேலும் நிற்கும் தடை, நல்ல வெயிலில் சில நூறு ஓமாக இறங்கிவிடும். மாறாத் தடையம் ஒன்றை இதனோடு தொடராக இணைத்தால், மின்னழுத்தத்தை இரண்டும் தத்தம் தடைக்கேற்பப் பங்கிட்டுக்கொள்ளும். இருள இருள வில்லையின் பங்கு ஏறும், ஏறத்தாழ 0.7 வோல்ட்டை எட்டியதும் டிரான்சிஸ்டர் இயங்கி ரிலேயை இழுக்க, விளக்கு எரியும்.

இவ்வளவு நுட்பமுடைய கண்ணுக்கு ஞாயிறு எது, குழல்விளக்கு எது என்னும் வேறுபாடு தெரியாது. எம் தெருவில் ஒரு விளக்கு நள்ளிரவுக்குப் பின்னரே எரிந்து வந்தது. பல்பை மாற்றியும் பயனில்லை. இரண்டாம் ஷிப்டு முடித்துப் பத்தரை மணிக்குத் திரும்பும் பெண்கள், அவ்விருளைத் தனியே கடக்க அஞ்சி, முனையில் ஒருவருக்காக ஒருவர் காத்து நிற்பர். காரணம் யாதெனின், எதிரே புதிதாய் வந்த கடையொன்றின் பெயர்ப்பலகை வெளிச்சம் வில்லைமேல் நேரே விழுந்ததே. பலகை அணையும் வரையில் வில்லைக்கு அது பகல்தான்!

மின் ஊழியர் ஒருவர் ஏணியேறி, வில்லையை வானோக்கித் திருப்பி, சுற்றிலும் கறுப்புக் குழாய்த் துண்டொன்றைச் செருகினார். தன் விளக்கின் ஒளியும் அதன்மேற் படலாகாதென்றார். பட்டால் பகலென்று அணைக்கும், அணைந்ததும் இரவென்று ஏற்றும், விடியுமளவும் கண்சிமிட்டும். அன்று மாலை தெருவில் அவ்விளக்கே முதலில் எரிந்தது. பத்தரை மணிக்கு முனையில் எவரும் நிற்கவில்லை.