தபேலாவும் கடமும்

பிள்ளைகள் மிருதங்கத்தை விட்டுத் தபேலாவை நாடினால், மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் பெரியவர்கள் முகம் சுளிப்பதுண்டு. பிழைக்க வந்த இடத்தில் தாளமுமா மாற வேண்டும் என்று எங்கள் வீட்டிலும் கேட்டார்கள்.

இந்நகரில் 1951-இல் பிறந்த ஜாகிர் உசேன், தந்தை அல்லா ரக்காவிடம் பஞ்சாப் கரானா முறையில் பயின்றவர். அவர் உலக இசைக்குள் புகுந்தபோது அருகில் அமர்ந்தவர் யார்? ‘சக்தி’ குழுவில், ஆங்கிலேயரான ஜான் மெக்லாஃப்லினின் கித்தார் ஒலிக்க, 1975-இல் தபேலாவுக்கு மறுமொழி கூறியது நம் விக்கு விநாயக்ராமின் கடமன்றோ! அவர் இடக்கைத் தபேலாவை மணிக்கட்டால் அழுத்தி நாதத்தை வளைப்பார். இவர் கடத்தின் வாயை வயிற்றோடு அணைத்து நாதத்தை மாற்றுவார். சொற்கட்டு வேறு, கணக்கு பிசகாது. 1991-இல் வந்த ‘பிளானட் டிரம்’ இசைத்தட்டில் நைஜீரிய, பிரேசில் கலைஞர்களோடும் இருவரும் சேர்ந்து வாசித்தனர்; மறு ஆண்டு கிராமி பரிசும் கிட்டியது. பரிசு கிடக்கட்டும். இத்தனை ஊர் சுற்றியும், தனித் தபேலா வாசிக்க அமர்ந்தால் காயதாவும் ரேலாவும் தந்தையார் பாடமாகவே வந்தன. அதுவே எங்களுக்குப் பெரிதாகப் படுகிறது. 2024 டிசம்பரில் அவர் மறைந்தார்.

நம் சங்கத்து ஞாயிறு வகுப்பில் மிருதங்கத்தோடு தபேலாவுக்கும் ஓர் ஆசிரியரை அமர்த்தலாகாதா? சம்பளத்துக்கு வழியைச் செயற்குழுவினர் யோசிக்கட்டும்.