நடுவில் முற்றம் உள்ள வீடு

யாழ்ப்பாணத்துப் பழைய வீடு என்றதும் பலருக்கும் நினைவில் வருவது நாற்சார் வீடுதான். நடுவே திறந்த முற்றம். அதைச் சுற்றி நான்கு பக்கமும் தாழ்வாரம். அதன் பின்னே அறைகள். நான்கு கூரைகளும் உள்நோக்கிச் சரிந்திருப்பதால் மாரி மழை முற்றத்தில் வந்து விழும். வெயில் காலத்தில் சூடான காற்று முற்றத்தால் மேலெழும்பிப் போக, அறைகள் குளிர்ந்திருக்கும்.

வேலை நிமித்தம் வலிகாமத்துக் கிராமங்களுக்குப் போகும்போது இத்தகைய சில வீடுகளைப் பார்த்திருக்கிறேன். என்னைக் கவர்ந்தது கூரை. முகட்டு வளை, கைமரம், சிலாகை எல்லாமே பனை. முற்றிய பனையின் வெளிப்புறம்தான் வைரம். உள்ளே இருப்பது சோறு. மரத்தை நீளவாக்கில் பிளந்து, சோற்றை நீக்கி, வைரத்தைச் சீவி எடுப்பார்கள். கறையான் அதை எளிதில் அரிக்காது. சுவருக்குச் சுண்ணாம்புக் கல்லும் சாந்தும். எல்லாம் எங்கள் மண்ணிலேயே கிடைத்தவை.

வெளித்திண்ணை ஆண்களுக்கும் விருந்தினருக்கும், முற்றம் பெண்களுக்கு. நெல், மிளகாய், ஒடியல் காய்ந்ததும் அங்கேதான். ஆனால் சாதியின் பெயரால் பலர் திண்ணையைத் தாண்ட முடியவில்லை. மாதவிலக்கு நாட்களில் வீட்டுப் பெண்களே ஒதுங்கியிருந்தார்கள். அழகைப் பேசும்போது இதையும் பேசத்தான் வேண்டும்.

1707இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமைப்படி தாயின் சீதனம் மகளுக்குச் சேரும். அதனால் இவ்வீடுகளிற் பல பெண்களின் சொத்தாகவே கைமாறி வந்தன. 1990இல் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்கள் 2010 முதல் கட்டம் கட்டமாகத் திரும்பியபோது, பலர் கண்டது கூரையும் கதவும் இல்லாத சுவர்களைத்தான்.

எஞ்சியவற்றில் ஒன்றில் ஒரு முதிய தாய் தனியாக இருக்கிறார். பிள்ளைகள் வெளிநாட்டில். அயற்பெண்களின் சேமிப்புக் குழு மாதந்தோறும் கூடுவது அவருடைய முற்றத்தில். ஒரு காலத்தில் திண்ணையோடு நிறுத்தப்பட்ட குடும்பங்களின் பெண்களும் இன்று அங்கே பாயில் சமமாக அமர்கிறார்கள். "இடிச்சுப்போட்டு பிளாட் போடச் சொல்லுகினம் பிள்ளை. முத்தம் இல்லாட்டி இவையள் எங்க வந்து இருக்கிறது?" என்று கேட்டார்.

சகோதரிகளே, உங்கள் வளவிலும் இப்படியொரு வீடு இருந்தால் மாரிக்கு முன் பீலியைத் துப்புரவாக்கி, உடைந்த ஓட்டை மாற்றுங்கள். ஒழுக்கு நின்றால் கைமரம் தப்பும். உறுதியில் பங்குள்ளோர் எங்கே இருந்தாலும் இப்போதே பேசி முடிவெடுங்கள். பழைய கட்டுப்பாடுகள் போகட்டும், முற்றம் இருக்கட்டும்.